அமைதியான மலையூர்: கோத்தகிரியா, வால்பாறையா, ஏற்காடா?

தமிழ்நாட்டில் மலைக்குப் போவது என்றாலே ஊட்டி, அதை விட்டால் கொடைக்கானல் என்ற பழக்கம் இன்னும் மாறவில்லை. ஆனால் அங்கே ஏறும் வாகனங்களை எண்ணிக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. ஒரே நாளில் எட்டாயிரம் வண்டிகள் என்பதே குறைத்த பிறகு வந்த கணக்கு. ஆகவே அமைதியை நாடிச் செல்பவர் அந்த இரண்டு ஊர்களையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அடுத்த வரிசையில் இருக்கும் ஊர்களைப் பார்ப்பதே முறை. அந்த வரிசையில் பெரும்பாலோர் தயங்கி நிற்பது கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு என்ற மூன்றுக்கும் இடையில்தான்.

இம்மூன்றையும் உயரம், குளிர், பார்க்கும் இடங்கள் என்று வைத்து ஒப்பிடுவதே வழக்கம். அந்த ஒப்பீடு முடிவெடுக்க அதிகம் உதவாது. மூன்றிலும் தேயிலையோ காப்பியோ இருக்கிறது, அருவி இருக்கிறது, காட்சிமுனை இருக்கிறது. நான் வைக்கும் கேள்வி வேறு. தங்கும் விடுதியிலிருந்து காலையில் வெளியே வந்து, வண்டியை எடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு மணி நேரம் காலாற நடக்க முடியுமா? அமைதி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது. காட்சிமுனைக்குக் காட்சிமுனை காரில் அலைந்து, ஒவ்வோரிடத்திலும் வண்டி நிறுத்த இடம் தேடி, சோர்ந்து அறைக்குத் திரும்பும் பயணத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது நமக்குக் கிடைப்பதில்லை.

நடக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த மலையின் நிலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலை பெரும்பாலும் படுகர் இன மக்கள் உள்ளிட்ட சிறு விவசாயிகளுடையது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று பிரிந்து கிடக்கும் தோட்டங்களுக்கு நடுவே ஹட்டி என்று அழைக்கப்படும் ஊர்களும், ஊருக்கு ஊர் போகும் தெருக்களும் ஒற்றையடிப் பாதைகளும் இருக்கின்றன. வழிப்போக்கர் நடந்து போவதை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. வால்பாறையில் நிலைமை நேர்மாறானது. நகரத்தை விட்டால் அடுத்து வருவது பெரிய நிறுவனங்களின் எஸ்டேட்டுகள். அவற்றுக்கு வாயிற்கதவும் காவலாளியும் உண்டு. அவற்றையும் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் சில்வர் ஓக் மர நிழலில் அழகாக இருந்தாலும், பெரும்பாலானவை வேலியும் கதவும் உள்ள தனியார் இடங்கள். நடப்பவருக்கு மிஞ்சுவது தார்ச்சாலைதான்.

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சென்னையிலிருந்து வருபவர் இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். அங்கிருந்து அரசுப் பேருந்து உண்டு. அரசுப் பேருந்தில் ஏறுபவருக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. சொந்த வண்டியில் போனால், கோத்தகிரியும் நீலகிரி மாவட்டமே என்பதால், இ-பாஸ் எடுத்தே ஆக வேண்டும். ஊர் என்று பார்த்தால் பகட்டு எதுவும் இல்லை. பேருந்து நிலையம், அதை ஒட்டிய கடைவீதி, காய்கறி மூட்டைகள் ஏற்றும் லாரிகள், பச்சைத் தேயிலையை வலைப்பையில் கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பும் பிக்கப் வண்டிகள் என்று தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் அது. பேக்கரிகளில் வரிக்கி என்ற மொறுமொறுப்பான தின்பண்டம் சூடாகக் கிடைக்கும். பயணிகளுக்காகவே கட்டிவைத்த ஊராக இல்லாமல் இருப்பதே அதன் பெரிய பலம் என்பேன்.

நீலகிரியின் வரலாற்றில் அக்கறை உள்ளவருக்கு இங்கே ஓர் இடம் தவறவிடக்கூடாதது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், உதகையில் கல்வீட்டைக் கட்டுவதற்கு முன்பே, 1819-ஆம் ஆண்டளவில் கோத்தகிரிக்கு அருகிலுள்ள கன்னேரிமுக்கில் வீடு அமைத்துக்கொண்டார். அந்த வீடு பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டு இப்போது நினைவகமாக இருக்கிறது. ஊரிலிருந்து நடந்தே போகலாம், வழியெல்லாம் தேயிலை. மறுபக்கம் சுமார் மூன்று கிலோமீட்டரில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள இந்தச் சோலைக்காடு 2024 தொடக்கத்தில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குக் குடிநீர் தரும் இந்தக் காடு, தேயிலைக்கும் வீடுகளுக்கும் நடுவே தப்பிப் பிழைத்திருப்பதற்கு உள்ளூர் மக்கள் காட்டிய அக்கறை முக்கியமான காரணம். உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்துப் போனால், வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில் அடிக்கும்போதும் உள்ளே பாசி படர்ந்த அடிமரங்களுக்கிடையே ஈரமும் அரையிருளும் நிலவுவதைக் காணலாம்.

கோடநாடு காட்சிமுனைக்கு மட்டும் வண்டி வேண்டும். ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மலை அங்கே திடீரென்று முடிந்து, கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. ஆறு மரங்களின் பச்சைக் கோடாக வளைந்து போவதும், தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்கள் காட்டுக்கு நடுவே கட்டம் கட்டமாகத் தெரிவதும், ரங்கசாமி மலைமுகடு ஒருபுறம் தனித்து எழுந்து நிற்பதும் காலை எட்டு மணிக்கு முன்பு தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் மூடுபனியோ வெப்பப் புகைமூட்டமோ வந்துவிட்டால், போனதற்கு ஒரு தேநீர்தான் மிச்சம். கேத்தரின் அருவியைப் பற்றி நிறையச் சொல்லப்படுகிறது. அதை அருகில் போய்ப் பார்ப்பதைவிடக் குன்னூர்ப் பக்கம் டால்பின் நோஸ் முனையிலிருந்து எதிர்மலையில் விழும் முழு நீளத்தையும் பார்ப்பதே அழகு.

இனி கோத்தகிரியின் குறைகள். நடக்க நல்ல ஊர் என்றேன். ஆனால் அது பகலுக்கு மட்டுமே பொருந்தும். காட்டு மாடுகள் தேயிலைத் தோட்டங்களில் மேய்வது அன்றாடக் காட்சி. கரடிகள் மாலையானால் குடியிருப்புகளுக்கு வந்துவிடுகின்றன, கோயில்களில் விளக்குகளுக்கு ஊற்றும் எண்ணெயைத் தேடிக் கதவை உடைப்பதும் நடக்கிறது. ஐந்தரை மணிக்கு மேல் தனியாக நடப்பதைத் தவிர்க்குமாறு உள்ளூர்க்காரர் சொன்னால், பயமுறுத்துகிறார் என்று எண்ண வேண்டாம். இன்னொரு குறை பலருக்குத் தெரியாது. கோடைப் பருவத்தில் நெரிசலைச் சமாளிக்கக் காவல்துறை, உதகைக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது உதகையை விட்டுக் கிளம்பும் கூட்டம் முழுவதும் கோத்தகிரிக் கடைவீதி வழியாகத்தான் இறங்கும். மே மாதத்தில் அங்கே அமைதியைத் தேடி அறை பிடித்தவர், பிரதான சாலையிலிருந்து விலகிய விடுதியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால், ஏமாந்துபோவார்.

வால்பாறையை ஒப்பிட்டுப் பார்ப்பவர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: அது குளிருக்காகப் போகும் ஊர் இல்லை. உயரம் சுமார் 1,100 மீட்டர்தான்; ஏப்ரல் மாத நண்பகலில் வியர்க்கும். அங்கே போவது காட்டுக்காகவும் மழைக்காகவும். பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்; ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் பயணத்தின் பாதிச் சுவை. ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நின்றால் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைச் சரிவில் வரையாடும் தெரியும். வளைவுகளில் குமட்டல் வரும் வழக்கம் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் உடன் இருந்தால், இந்தப் பாதி வேறு மாதிரி நினைவில் நிற்கும்.

வால்பாறையின் செல்வம் அதன் உயிரினங்கள். தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் மழைக்காடுகளில் சிங்கவால் குரங்குகளும் இருவாச்சிப் பறவைகளும் யானைகளும் வாழ்கின்றன. நகரத்தை ஒட்டிய புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரமாகவே சிங்கவால் குரங்குக் கூட்டத்தைப் பார்க்கலாம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயல்பாக வாழாத இந்த விலங்கு, இங்கே சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவதைத் தடுக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். கரிய உடலும், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த வாலுமாக ஒரு தாய், வயிற்றைப் பற்றிய குட்டியோடு அந்தப் பாலத்தில் அவசரமில்லாமல் நடந்துபோகும். கீழே காரை நிறுத்திப் பிஸ்கட் நீட்டுபவர்களை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. அந்தப் பழக்கம்தான் குரங்குகளைச் சாலைக்கு இழுக்கிறது.

யானைகளோடு மக்கள் பிழைத்திருக்கும் விதமும் இங்கே கவனிக்க வேண்டியது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு, யானை எந்த எஸ்டேட்டுக்கு அருகில் நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாலும், செல்பேசி வழி இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்குத் தெரிவிக்கும் முறையை ஏற்படுத்தியது. ஆனால் சிறுத்தை அப்படி முன்னறிவிப்போடு வருவதில்லை. லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்த துயரங்கள் இந்த மலையில் நடந்திருக்கின்றன. ஆகவே, விடுதியை விட்டு இறங்கிக் காலாற நடப்பது என்ற நம் அளவுகோலில் வால்பாறை தேறாது. நகரத்தின் ஒரே நீண்ட கடைத்தெருவில் நடக்கலாம். மற்றபடி வண்டி வேண்டும், வழி தெரிந்த ஓட்டுநர் வேண்டும், இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மூன்று ஊர்களில் உண்மையான நிசப்தம் கிடைப்பது வால்பாறையில்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எஸ்டேட் நடுவே பழைய பங்களா ஒன்றில் தங்கி, தாழ்வாரத்தை விட்டு இறங்காமலே இரண்டு நாள்களைக் கழிக்கத் தயாராக இருப்பவருக்கு அதற்கு இணை இல்லை. நல்லமுடிப் பூஞ்சோலை, சோலையாறு அணை, கருமலை பாலாஜி கோயில் என்று பட்டியல் போட்டு ஒரே நாளில் சுற்றிவிட்டு இறங்குபவர் நாள் முழுவதும் வளைவுகளில்தான் இருப்பார். கூழாங்கல் ஆற்றில் ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதால், அதை எடுத்துவிட்டே ஆழியாறு சோதனைச் சாவடிக்குப் போவது நல்லது.

ஏற்காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1,515 மீட்டர் உயரம், சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், இ-பாஸ் தொல்லை இல்லை, செலவும் குறைவு. இந்த வசதிகளே அதன் அமைதிக்கு எதிரி. சேலம், நாமக்கல், ஈரோடு, பெங்களூரு என்று நான்கு பக்கமிருந்தும் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடக்கூடிய மலை என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் படகுத்துறைக்கும் நடுவே நகர இடமிருக்காது. மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், அதே ஊர் வேறாகத் தெரியும். ஏரியைச் சுற்றிய சாலை காலியாக இருக்கும். பகோடா முனைக்குப் போகும் வழியில் காப்பிச் செடிகளும், மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளும் சாலைவரை வந்து நிற்கும். இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டத்தில், தொட்டிகளில் தொங்கும் காட்டு ஆர்கிட்களை நிதானமாகப் பார்க்கலாம். மலையுச்சியிலுள்ள சேர்வராயன் கோயிலில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், சமதளமான புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளும். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார்; பின்னர் கோத்தகிரியிலும் அவர்தான் காப்பி பயிரிட்டார், கேத்தரின் அருவிக்கு அவருடைய மனைவியின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மலைகளையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க நமக்கு முன்பே ஒருவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. கடைசியில் அவர் குடியேறியது கோத்தகிரியில்.

வேறு பெயர்களையும் சிலர் சொல்வார்கள். கொல்லிமலை அமைதியானதுதான், ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளையும் முழங்கால்கள் அனுமதிக்க வேண்டும், தங்கும் வசதியும் குறைவு. ஏலகிரி, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அலுவலகக் குழுக்கள் வந்து கூச்சலிட்டுப் போகும் இடமாகிவிட்டது. குன்னூர் அழகான ஊர். மலை ரயிலுக்காகவும் 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவுக்காகவும் ஒரு நாள் போகலாம், ஆனால் உதகைக்குப் போகும் போக்குவரத்து முழுவதும் அதன் நடுவேதான் ஏறுகிறது. கோத்தகிரியில் தங்கிக்கொண்டு 20 கிலோமீட்டரில் உள்ள குன்னூருக்குப் பேருந்தில் போய் வருவது அதைவிடச் சிறந்த ஏற்பாடு.

எந்த ஊர் என்பதற்கு நிகராக, எந்த மாதம் என்பதும் முடிவை மாற்றும். வால்பாறை தென்மேற்குப் பருவமழையின் நேர்வழியில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள சின்னக்கல்லாறு, தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே போவதென்றால் மழையைப் பார்ப்பதற்கென்றே போக வேண்டும், காலில் ஏறும் அட்டைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோத்தகிரியோ தொட்டபெட்டாத் தொடரின் கிழக்குப் பக்கம் இருப்பதால், அதே மாதங்களில் மேற்கு நீலகிரி நனைந்துகொண்டிருக்கும்போது, இங்கே சாரலோடு நின்றுவிடும். அதற்கு ஈடாக வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைக் கடுமையாகத் தாக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவில் வைத்து, அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கோத்தகிரிப் பயணத்தைத் தவிர்ப்பேன். ஏற்காட்டில் மழை அந்த அளவுக்கு வழியை மறிப்பதில்லை; ஆனால் கோடையில் கிளியூர் அருவி வற்றிவிடும்.

உடன் வருபவர் யார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ள பெரியவரை அழைத்துப் போவதென்றால் ஏற்காடுதான் பாதுகாப்பு. ஒரு மணி நேரத்தில் சேலத்துப் பெரிய மருத்துவமனைகளை அடைந்துவிடலாம். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் அதைவிடத் தூரம், எனினும் சாலை சுலபம். வால்பாறையில் அரசு மருத்துவமனை இருந்தாலும், பெரிய சிகிச்சைக்கு அந்த 40 வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், மற்ற இரண்டும் அவர்களுக்குச் சலிப்பூட்டலாம். வால்பாறையில் குரங்கும் யானையும் அவர்களைக் கட்டிப்போடும்.

என் தேர்வு கோத்தகிரி. இரண்டு இரவுகளாவது தங்க முடிகிற, பெரியவரும் சிறியவருமாகக் கலந்து வருகிற பெரும்பாலான குடும்பங்களுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரையிலோ ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலோ, கடைவீதியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹட்டியை ஒட்டிய தங்குமிடம் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். மூன்று இரவுகளும் சொந்த வண்டியும் கையில் இருந்து, காட்டில் ஆர்வமும் உள்ளவர்கள், டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரிக்குள் வால்பாறைக்குப் போகட்டும். ஒரே ஓர் இரவுதான் கிடைக்கும் என்றால் நீலகிரிப் பக்கமே திரும்ப வேண்டாம். வார நடுவில் விடுப்பு எடுத்து ஏற்காட்டுக்குப் போவதே மேல். வார இறுதியில் ஓர் இரவு மட்டுமே வாய்க்கிறவர்களுக்கு இந்த மூன்றில் எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கோத்தகிரி என்று முடிவு செய்தவர்கள் அறை பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். விடுதி மேட்டுப்பாளையம் சாலையின் மேலேயே இருக்கிறதா, இருட்டிய பின் சாப்பாட்டுக்கு வெளியே போக வேண்டியிருக்குமா? இரண்டாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும், கரடி நடமாடும் நேரமும் அதுதான். தண்ணீர் குடிக்க எவர்சில்வர் பாட்டில் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்துப் பறிமுதல் செய்வார்கள்; நிரப்பிக்கொள்ளச் சாலையோரங்களில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.